மென்பொருள் 125 என்கிறது, சீக்குவென்சர் 124.6 என்கிறது: எதை நம்புவது?

11 ஜனவரி 2025, இரவு 9.10 (கேள்வி)

கணினியில் இசை மென்பொருளை 125 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 125 பீட்) ஓடவிட்டு, யுஎஸ்பி வழியாக ஒரு ஸ்டெப் சீக்குவென்சருக்கு (நாம் வைத்த அடிகளை வரிசையாக வாசிக்கும் கருவி) மிடி கிளாக் (கருவிகள் ஒரே வேகத்தில் ஓட அனுப்பும் தாளச் செய்தி) அனுப்புகிறேன். சீக்குவென்சரின் திரையில் 124.6, 125.3, 124.8 என்று எண் ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறது. ஒலியைப் பதிவு செய்து பார்த்தால் கிக் (பாஸ் டிரம் அடி) ஒருமுறை மென்பொருளின் பீட் கோட்டுக்கு முன்னால் விழுகிறது, ஒருமுறை பின்னால் விழுகிறது. கடைக்காரர் விலை கூடிய கேபிள் வாங்கச் சொல்கிறார். வாங்கட்டுமா அண்ணா?

11 ஜனவரி, இரவு 10.40

கேபிள் வாங்காதீர்கள் தம்பி. மிடியும் சரி, யுஎஸ்பியும் சரி, ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் நின்றுபோகும். தாளத்தை மட்டும் கொஞ்சமாகப் பிசகவைக்கும் கேபிளை இருபது ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

முதலில் அந்தத் திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மென்பொருள் 125 என்ற எண்ணை அனுப்புவதே இல்லை. மிடி கிளாக்கில் வேகத்தைச் சொல்லும் செய்தி கிடையாது. போவதெல்லாம் 248 என்ற ஒற்றை பைட். அது ஒரு பீட்டுக்கு 24 முறை போகிறது. 125 பிபிஎம்மில் ஒரு பீட் 480 மில்லிவிநாடி. 24 ஆல் வகுத்தால் 20. ஆக, இருபது மில்லிவிநாடிக்கு ஒருமுறை யாரோ கதவைத் தட்டுகிறார்கள். உள்ளே இருக்கும் சீக்குவென்சர் தட்டுகளின் இடைவெளியை அளந்து, வேகம் இவ்வளவு இருக்கும் என்று தானாகக் கணக்கிட்டுக்கொள்கிறது.

அதில் ஒரு தட்டு அரை மில்லிவிநாடி பிந்தி வந்தால் அந்த இடைவெளி 20.5 ஆகிவிடும். அதை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் வேகம் 121.95. அதனால்தான் பல கருவிகள் பல தட்டுகளின் சராசரியைத் திரையில் காட்டுகின்றன. உங்கள் திரை 124.6க்கும் 125.3க்கும் நடுவில் அலைவதைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. கிக் முன்னும் பின்னும் விழுவதுதான் கவனிக்கவேண்டியது.

11 ஜனவரி, இரவு 11.55

படுக்கப்போகும்போது நினைவுக்கு வந்தது. கிக் எப்போதும் ஒரே அளவு தாமதமாக வருகிறதா, அல்லது அடிக்கு அடி அளவு மாறுகிறதா? இரண்டும் வேறு வேறு நோய்கள். ஒரே அளவு தாமதம் என்றால் ஓர் எண்ணை மாற்றி நேராக்கிவிடலாம். மாறிக்கொண்டே இருந்தால் எந்த எண்ணாலும் சரிசெய்ய முடியாது. காரணத்தைத் தேடித்தான் ஆகவேண்டும். காதால் இதைப் பிரித்தறிவது கடினம், அளந்து பார்க்கவேண்டும். நாளை ஞாயிறு, நானே அளந்துவிட்டு எழுதுகிறேன்.

12 ஜனவரி, மாலை 5.20

அளந்தேன். முறை இதுதான்: என் சீக்குவென்சரில் ரிம்ஷாட் (டிரம்மின் விளிம்பில் அடிக்கும்) ஒலி ஒன்றை ஒவ்வொரு பீட்டிலும் வைத்தேன். ரிம்ஷாட்டைத் தேர்ந்ததற்குக் காரணம், அதன் தொடக்கம் கூர்மையானது. கிக்கின் தொடக்கம் வளைந்து எழுவதால் எங்கே ஆரம்பிக்கிறது என்று சண்டை வரும். நான்கு நிமிடம் பதிவு செய்து, ஒவ்வோர் அடியாகப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் ஒரு மில்லிவிநாடிக்கு 48 சாம்பிள் (ஒலியை அளந்து வைக்கும் புள்ளி). 125 பிபிஎம்மில் அடிக்கும் அடிக்கும் நடுவே 23,040 சாம்பிள் இருக்கவேண்டும். கோட்டிலிருந்து முதல் பத்து அடிகளின் தாமதம், சாம்பிளில்:

412, 398, 431, 520, 405, 389, 466, 402, 571, 410.

இதைக் கொஞ்சநேரம் பாருங்கள். ஏறக்குறைய 400 என்பது எல்லா அடிகளிலும் இருக்கிறது. அது நிலையான தாமதம், எட்டேகால் மில்லிவிநாடிக்குச் சற்று மேல். அதற்கு மேலே 520, 466, 571 என்று துள்ளுபவைதான் தடுமாற்றம். மிகக் குறைந்ததற்கும் மிகக் கூடியதற்கும் 182 சாம்பிள் வித்தியாசம், 3.8 மில்லிவிநாடி. ஹைஹாட் சிம்பல் பதினாறாவது நோட்டில் (பீட்டுக்கு நான்கு) ஓடும்போது இந்த அளவு பிசகினால், இது பிசகு என்று கேட்பவருக்குத் தோன்றாது; ஏதோ உயிரில்லாமல் இருக்கிறது என்றுதான் தோன்றும். எனக்கும் பல ஆண்டுகள் அப்படித்தான் தோன்றியது. ஒலியைக் குறைசொல்லி ஈக்யூ (ஒலியின் தொனியைத் திருத்தும் வடிகட்டி) போட்டுக்கொண்டிருந்தேன்.

இதற்குக் காரணம் மென்பொருள்தான் என்று நினைக்கிறேன். திரையில் படம் வரையவும் கிளாக் அனுப்பவும் ஒரே கணினியைத்தானே நம்பியிருக்கிறோம்.

13 ஜனவரி, இரவு 8.30

நேற்று எழுதிய கடைசிப் பத்தியைத் திருத்துகிறேன். மென்பொருள் அல்ல, யுஎஸ்பி ஹப் (ஒரு யுஎஸ்பி துளையைப் பலவாக்கும் பெட்டி).

சீக்குவென்சரை ஒரு ஹப்பில் செருகியிருந்தேன். அதே ஹப்பில் வெளி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தது. பாட்டின் ஒலித் துண்டுகள் அதிலிருந்துதான் வாசிக்கப்படுகின்றன. சீக்குவென்சரைப் பிடுங்கி நேரடியாகக் கணினியில் செருகினேன். வேறு எதையும் தொடவில்லை. வித்தியாசம் 182 சாம்பிளிலிருந்து 61 ஆக இறங்கிவிட்டது.

அதற்கும் கீழே யுஎஸ்பியில் பெரிதாக எதிர்பார்ப்பதற்கில்லை. மிடி கருவிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் யுஎஸ்பி வேகத்தில் காலம் ஒரு மில்லிவிநாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டிருக்கிறது. தட்டு எந்தக் கணத்தில் பிறந்தாலும், பஸ் வரும்வரை நிறுத்தத்தில் காத்திருக்கத்தான் வேண்டும். 61 சாம்பிள் என்பது 1.3 மில்லிவிநாடி. கணக்கு ஒத்துப்போகிறது.

தம்பி, உங்களுடையது ஹப்பில் இருந்தால் முதல் வேலையாகக் கழற்றுங்கள்.

13 ஜனவரி, இரவு 9.05

இன்னொன்று. ஐந்து ஊசி மிடி கேபிளில் நோட்டும் கிளாக்கும் ஒரே பாதையில் போனால் நெரிசல் வரும். மிடியின் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்குப் பத்து பிட், அதாவது 0.32 மில்லிவிநாடி. ஒரு நோட் மூன்று பைட், ஏறத்தாழ ஒரு மில்லிவிநாடி. ஆறு விரலில் ஒரு கார்ட் பிடித்தால் கடைசி நோட் ஆறாவது மில்லிவிநாடியில்தான் போய்ச் சேரும். கிளாக்குக்கு மட்டும் சலுகை உண்டு: மற்றச் செய்திகளின் பைட்டுகளுக்கு நடுவே புகுந்துகொள்ள விதி அனுமதிக்கிறது. ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும் பைட் முடியும்வரை அதுவும் நிற்கவேண்டும். இரண்டு மிடி வெளியீடு இருந்தால் ஒன்றைக் கிளாக்குக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

16 ஜனவரி, காலை 7.15

பொங்கல் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன். தம்பியின் அடுத்த கேள்வி: பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) குறைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

உங்கள் பஃபர் 1024 சாம்பிள் என்று எழுதியிருக்கிறீர்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது 21.3 மில்லிவிநாடி. 125 பிபிஎம்மில் இரண்டு தட்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியே 20 தான்! ஒரு முழுத் தட்டைவிடப் பெரிய தாமதத்தைத் தோளில் சுமந்துகொண்டு வாசிக்கிறீர்கள். 128க்கு இறக்கினால் 2.7 மில்லிவிநாடி. கணினி தாங்கினால் இறக்குங்கள். ஆனால் இதனால் குறைவது பெரும்பாலும் நிலையான தாமதம்தான். தடுமாற்றம் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நிலையான தாமதத்தை நேராக்க, கிளாக் புறப்படும் நேரத்தை மாற்ற மென்பொருள்களில் இடம் இருக்கும். ஏபிள்டன் லைவ் மென்பொருளில் ஒவ்வொரு மிடி வெளியீட்டுக்கும் தனித்தனியாக ‘மிடி கிளாக் சிங்க் டிலே’ என்று ஒன்று உண்டு. எதிர்மறை எண் கொடுத்தால் கிளாக் முன்கூட்டியே புறப்படும்.

17 ஜனவரி, இரவு 10.10

நேற்று சொன்ன எண்ணைப் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். நானே இதை விட்டுவிட்டேன்.

நான் அளந்த 400 சாம்பிளில் எல்லாமே கிளாக்கின் தாமதம் அல்ல. ஒலி இன்டர்ஃபேஸ் (கணினிக்குள் ஒலியை வாங்கி வெளியே விடும் பெட்டி) வழியாகத் திரும்பி வரும்போது இன்டர்ஃபேஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கிறது. அதைத் தனியே பிரிக்க, இன்டர்ஃபேஸின் ஒரு வெளியீட்டிலிருந்து அதன் உள்ளீட்டுக்கே ஒரு கேபிள் போட்டு, மென்பொருளிலிருந்து ஒரு கிளிக்கை அனுப்பித் திரும்பப் பதிவு செய்தேன். 96 சாம்பிள் தள்ளி விழுந்தது. நடுவில் எந்தக் கருவியும் இல்லை, ஒரு சாண் கேபிள் மட்டும்தான்.

ஆக 400இல் 96 இன்டர்ஃபேஸின் கணக்கு. அதைப் பதிவுத் தாமதத் திருத்தத்தில் போடவேண்டும். மீதி 304, அதாவது 6.3 மில்லிவிநாடி. அதுதான் கிளாக்கின் கணக்கு. இரண்டையும் ஒரே இடத்தில் போட்டிருந்தால் சீக்குவென்சர் கோட்டில் விழுந்திருக்கும், அடுத்து பதிவு செய்யும் குரல் 96 சாம்பிள் பின்னால் போயிருக்கும்.

19 ஜனவரி, மதியம் 2.40

“முதல் அடி மட்டும் விழுங்கப்படுகிறது, இரண்டாவதிலிருந்து சரி.” இது தம்பி அனுப்பிய குறிப்பு.

ஸ்டார்ட் என்பது தனிச் செய்தி, 250. கருவி அதைக் கேட்டதும் ஓடத் தொடங்கிவிடக்கூடாது. அடுத்து வரும் முதல் கிளாக் தட்டில்தான் முதல் அடியை வைக்கவேண்டும். ஸ்டார்ட்டும் அந்த முதல் தட்டும் மிக நெருக்கமாக வந்தால் சில கருவிகள் தடுக்கி விழுகின்றன. இதற்கு என் வழக்கம்: பாட்டு எப்போதும் இரண்டாவது பாரில் (பார் என்பது சில பீட் சேர்ந்த ஒரு பகுதி) தொடங்கும். முதல் பார் வெறுமையாக ஓடும். பாட்டுக் கச்சேரியில் சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டுச் சற்று நேரம் சும்மா இருப்பார்களே, அந்த இடைவெளியைக் கருவிக்கும் கொடுங்கள்.

பாட்டின் நடுவிலிருந்து தொடங்குவதற்கு வேறொரு செய்தி இருக்கிறது. எத்தனை பதினாறாவது நோட் கடந்திருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டு, ‘கன்டினியூ’ அனுப்புவது. அதை ஒழுங்காகப் புரிந்துகொள்ளும் கருவிகளும் உண்டு, காதிலேயே போட்டுக்கொள்ளாதவையும் உண்டு. உங்களுடையது எது என்று பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம்: ஏழாவது பாரிலிருந்து ஓடவிட்டுப் பாருங்கள்.

19 ஜனவரி, மதியம் 3.00

வேகம் சரியாக இரண்டு மடங்காகி 250 காட்டினால் பதற வேண்டாம். இரண்டு வழியாகக் கிளாக் போகிறது என்று பொருள். யுஎஸ்பியில் ஒன்று, ஐந்து ஊசி கேபிளில் ஒன்று. அல்லது கருவி வாங்கிய கிளாக்கைத் திருப்பி அனுப்ப, மென்பொருள் அதை மறுபடி வெளியே தள்ளுகிறது. ஒருமுறை மேடை ஒத்திகையில் இது நேர்ந்து, பாடகர் வாயைத் திறந்தவர் மூடவேயில்லை. ஒரு வழியை அடைத்தால் போதும்.

22 ஜனவரி, இரவு 11.30

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். யார் தலைமை?

சீக்குவென்சர் தலைமை ஏற்கட்டும், மென்பொருள் பின்தொடரட்டும் என்று பல ஆண்டுகள் வேலை செய்தேன். மேடையில் அது நன்றாகத்தான் இருந்தது. பதிவு என்று வந்தால் தலைவலி. மென்பொருள் ஒவ்வொரு தட்டையும் துரத்திக்கொண்டு வேகத்தை ஏற்றி இறக்குகிறது. அதனுள் இருக்கும் ஒலித் துண்டுகளும் கூடவே நீண்டு சுருங்குகின்றன. மென்பொருளைத் தலைமையாக வைத்தால் மேலே சொன்ன யுஎஸ்பி தடுமாற்றம்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். கிளாக்கை ஒலியாகவே அனுப்புங்கள்.

யோசித்துப் பாருங்கள். கணினியிலிருந்து வெளியே போவதில் சாம்பிள் பிசகாமல் போவது ஒன்றே ஒன்று: ஒலி. இன்டர்ஃபேஸின் படிகக் கடிகாரம் ஒவ்வொரு சாம்பிளையும் எண்ணி எண்ணி வெளியே விடுகிறது. அது பிசகினால் பாட்டே வெடித்துக் கேட்கும். அதனால் அது பிசகுவதில்லை. அந்தப் பாதையில் ஒரு துடிப்பை ஏற்றிவிட்டால், பாட்டு எவ்வளவு உறுதியாக வருகிறதோ கிளாக்கும் அவ்வளவு உறுதியாக வரும்.

கோர்க் நிறுவனத்தின் வோல்கா வரிசையும் எஸ்க்யூ-1 சீக்குவென்சரும் சிறிய 3.5 மில்லிமீட்டர் துளையில் இப்படிப்பட்ட துடிப்பை வாங்கிக்கொள்கின்றன. பீட்டுக்கு இரண்டு துடிப்பு. 125 பிபிஎம்மில் 11,520 சாம்பிளுக்கு ஒன்று. நான் செய்தது: 15 மில்லிவிநாடி நீளமுள்ள சதுர அலை ஒன்றை முழு உயரத்துக்கு வரைந்து, ஒரு தனி டிராக்கில் ஒவ்வோர் அரை பீட்டிலும் வைத்து, இன்டர்ஃபேஸின் மூன்றாவது வெளியீட்டுக்கு அனுப்பினேன். அந்த டிராக்கில் எந்த பிளக்இன்னும் இல்லை, மாஸ்டர் வழியாகவும் போகவில்லை. முதலில் கருவி அசையவில்லை. துடிப்பின் உயரம் போதவில்லை. ஹெட்ஃபோன் துளைக்கு மாற்றி ஒலியளவைக் கூட்டியதும் பிடித்துக்கொண்டது. தவறிப்போய் அந்த டிராக் ஸ்பீக்கருக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ட்வீட்டருக்கும் காதுக்கும் ஆகாது.

மறுபடி ரிம்ஷாட், மறுபடி நான்கு நிமிடம், மறுபடி பத்து அடிகள்:

203, 204, 203, 203, 205, 204, 203, 204, 204, 203.

இரவு பதினொரு மணிக்கு இந்த எண்களைத் தாளில் எழுதிவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். 182 சாம்பிள் அலைந்த இடத்தில் இரண்டு சாம்பிள். ஒரு மில்லிவிநாடியில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. வீட்டில் இருந்த ஒரு ஹெட்ஃபோன் கேபிளால் இது நடந்தது.

23 ஜனவரி, காலை 6.50

“இது ஏதோ குறுக்கு வழி மாதிரி இருக்கிறதே” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குறுக்கு வழி அல்ல, பழைய ராஜபாட்டை.

மிடி வருவதற்கு முன்பே கருவிகள் இப்படித்தான் பேசிக்கொண்டன. ரோலண்டின் டிஆர்-808 வந்தது 1980இல். அதில் இருந்த டின் சிங்க் என்பது வெறும் மின்துடிப்புதான்: ஒரு கம்பியில் ஓடு அல்லது நில் என்ற நிலை, இன்னொன்றில் பீட்டுக்கு 24 துடிப்பு. ஸ்டூடியோக்களில் டேப்பின் ஒரு டிராக்கைச் சிங்க் ஒலிக்கென்றே தியாகம் செய்து, அதைக் கேட்டு டிரம் கருவியை ஓடவிட்டார்கள். நாம் மென்பொருளில் ஒரு டிராக்கை ஒதுக்குவது அதே வேலைதான். 1983 ஜனவரியில் அமெரிக்காவின் ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்குவென்ஷியலின் புராஃபெட்-600உம் ரோலண்டின் ஜூபிட்டர்-6உம் மிடி கேபிளால் இணைந்து பேசின. இரண்டு போட்டி நிறுவனங்களின் கருவிகள் ஒரு கேபிளில் சேர்ந்தது பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் பீட்டுக்கு 24 என்ற எண்ணிக்கை அந்தப் பழைய துடிப்பிலிருந்து வந்த பரம்பரைச் சொத்து.

எச்சரிக்கை: டின் சிங்க்கும் மிடியும் பார்வைக்கு ஒரே ஐந்து ஊசித் துளைதான். உள்ளே மின்சாரம் வேறு. செருக முடிகிறதே என்று இணைத்துவிடாதீர்கள்.

23 ஜனவரி, காலை 7.05

ஏபிள்டன் லிங்க் பற்றிக் கேட்டவருக்கு: 2016இல் வந்தது, நெட்வொர்க் வழியாகப் பல கணினிகளும் செயலிகளும் தலைவர் இல்லாமல் ஒரே பீட்டில் சேர்ந்துகொள்ளும். அருமையானது. அக்காயின் எம்பிசி லைவ் போன்ற சில கருவிகளிலும் இருக்கிறது. உங்கள் கருவியில் இல்லையென்றால் இந்த இழைக்கு அது உதவாது.

26 ஜனவரி, மாலை 6.30

இன்று விடுமுறை. மிருதங்கம் வாசிக்கும் நண்பர் வீட்டுக்கு வந்தார். வேறொரு சீக்குவென்சரில் 80 பிபிஎம்மில் கண்ட நடை போட்டுக் காட்டினேன். பீட்டுக்கு ஐந்து அடி, தகதகிட. அவர் கண்ணை மூடிக்கொண்டு நான்கு ஆவர்த்தனம் கேட்டார். பிறகு, “மூன்றாவது எழுத்து சாய்கிறது, நான்காவது முந்துகிறது. எல்லா இடத்திலும் அதே மாதிரி” என்றார். ஆடிப்போய்விட்டேன். தடுமாற்றம் என்றால் அடிக்கு அடி மாறவேண்டும். இது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி என்றால் வேறு ஏதோ.

அவர் காபி குடித்து முடிப்பதற்குள் விடை கிடைத்தது. 24ஐ ஐந்தால் வகுக்க முடியாது.

திஸ்ரத்துக்கு (பீட்டுக்கு மூன்று அடி) 24 வகுபடும், அடிக்கு எட்டுத் தட்டு. சதுஸ்ரத்துக்கு (பீட்டுக்கு நான்கு) ஆறு தட்டு. கண்டத்துக்கு 4.8. அடிகள் விழவேண்டிய இடங்கள் 0, 4.8, 9.6, 14.4, 19.2. முதல் அடியைத் தவிர நான்கும் இரண்டு தட்டுகளுக்கு நடுவே அந்தரத்தில் தொங்குகின்றன. நல்ல கருவி தட்டுகளுக்கு நடுவே நுணுக்கமாகப் பிரித்துக்கொள்ளும். இந்தக் கருவி அருகில் எந்தத் தட்டு இருக்கிறதோ அதில் வைத்துவிடுகிறது: 0, 5, 10, 14, 19. இடைவெளிகள் ஐந்து, ஐந்து, நான்கு, ஐந்து, ஐந்து. 80 பிபிஎம்மில் ஒரு தட்டு 31.25 மில்லிவிநாடி. மூன்றாவது அடி 12.5 மில்லிவிநாடி பிந்துகிறது, நான்காவது 12.5 முந்துகிறது. மூன்றாவது எழுத்து சாய்கிறது, நான்காவது முந்துகிறது! பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அப்படியே இருந்தது. அளவுகோல் இல்லாமல் அவர் காது அதைப் படித்துவிட்டது.

26 ஜனவரி, இரவு 9.45

கண்ட நடைக்கு வழி கண்டுபிடித்தோம். பீட்டை ஐந்தாகப் பிரிக்காதீர்கள். ஒவ்வோர் எழுத்தையும் பதினாறாவது நோட்டாக வைத்துக்கொண்டு, வேகத்தை ஒன்றேகால் மடங்காக ஏற்றுங்கள். 80ஐ நான்கால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் 100. மென்பொருள் 100 பிபிஎம்மில் ஓடட்டும், பார் 5/4 ஆக (பாருக்கு ஐந்து பீட்) இருக்கட்டும். ஒரு பாரில் இருபது எழுத்து, அதாவது நான்கு தகதகிட. இரண்டு பார் சேர்ந்தால் ஆதி தாளத்தின் எட்டு அட்சரமும் கண்ட நடையில் முடிந்துவிடும். ஒவ்வோர் எழுத்துக்கும் சுத்தமாக ஆறு தட்டு, 150 மில்லிவிநாடி. மிஸ்ர நடைக்கு (பீட்டுக்கு ஏழு அடி) இதே மாதிரி 140இல் 7/4.

மிஸ்ர சாபுவை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஏழு எண்ணிக்கை கொண்ட தாளம். ஒவ்வொன்றும் எட்டாவது நோட் என்றால் 84 தட்டு, எந்தச் சிக்கலும் இல்லை. தாளம் எதுவானாலும் 24 தாங்கும். நடை ஐந்து, ஏழு, ஒன்பது என்று போகும்போதுதான் இடறுகிறது.

நண்பர் மறுபடி கண்ணை மூடிக் கேட்டார். இந்தமுறை ஒன்றும் சொல்லவில்லை. தொடையில் தாளம் போடத் தொடங்கிவிட்டார்.

1 பிப்ரவரி, இரவு 10.20

அன்றிலிருந்து மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது இது. ஒலித் துடிப்பு மென்பொருளின் பீட் கட்டத்தில்தான் விழவேண்டும் என்று யார் சொன்னது? அது ஒரு டிராக்கில் நாம் வைக்கும் ஒலித் துண்டு. எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம்.

நண்பர் கிளிக் இல்லாமல் வாசித்த மூன்று நிமிட மிருதங்கப் பதிவு என்னிடம் இருக்கிறது. 88இல் தொடங்கி, மோராவுக்கு (முடிவை நெருங்கும்போது வரும் தாளக்கோவை) வரும்போது 91க்கு ஏறுகிறார். அந்த ஏற்றத்தில்தான் உயிரே இருக்கிறது. அதை நீட்டிக் கட்டத்துக்குள் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. எனவே தலைகீழாகச் செய்தேன். அவருடைய அடிகளைப் பார்த்து, ஒவ்வோர் அரை பீட்டுக்கும் ஒரு துடிப்பைக் கையால் வைத்தேன். இரண்டு மாலை பிடித்தது. பிறகு ஓடவிட்டால், சீக்குவென்சரின் பேஸ் அவர் மூச்சோடு சேர்ந்து நடக்கிறது. அவர் ஏறும்போது ஏறுகிறது. தீர்மானத்துக்கு முன்னால் அவர் கொஞ்சம் பிடித்து நிறுத்தும் இடத்தில் அதுவும் நிற்கிறது.

கருவியைப் பின்பற்றி மனிதர்கள் வாசித்ததைப் போதுமான அளவு கேட்டுவிட்டோம். இப்படி ஒரு பாட்டாவது செய்து பாருங்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

2 பிப்ரவரி, காலை 8.00

ஒரு திருத்தம். துடிப்பு இரண்டு பதினாறாவது நோட் அடிகளுக்கு ஒருமுறைதான் வருகிறது என்பதால், நடுவில் இருக்கும் அடியைக் கருவி முந்தைய இடைவெளியை வைத்து ஊகித்துக்கொள்கிறது. திடீரென்று வேகம் மாறும் இடத்தில் அந்த ஓர் அடி சற்றுத் தவறுகிறது. மெல்ல ஏறும் இடத்தில் தெரியவில்லை.

8 பிப்ரவரி, இரவு 9.30

ஸ்விங் (ஒன்றுவிட்டு ஒரு அடியைச் சற்றுப் பின்தள்ளும் ஆட்டம்) பற்றி. கிளாக்கில் ஸ்விங் போகாது. மென்பொருளில் ஸ்விங் வைத்தால் மென்பொருளின் டிராக்குகள் மட்டும் ஆடும், சீக்குவென்சர் நேராக நடக்கும். இரண்டிலும் தனித்தனியே ஒரே எண்ணைப் போடவேண்டும், அதிலும் இரண்டும் ஒரே முறையில் எண்ணுகின்றனவா என்று பார்க்கவேண்டும். 1988இல் வந்த அக்காயின் எம்பிசி60 கருவியின் கணக்கில் 50 என்றால் நேர், 75 வரை போகும். இரண்டு பதினாறாவது நோட்டுகளின் மொத்த நீளத்தில் இரண்டாவது எத்தனை சதவீதத்தில் விழுகிறது என்பதே அந்த எண். வேறு சில கருவிகளில் 0 என்றால் நேர். அதையும் இதையும் சேர்த்தால் குழப்பம்தான்.

9 பிப்ரவரி, காலை 11.10

யுஎஸ்பி செருகியதும் ‘ஙீ’ என்று மெல்லிய இரைச்சல் வந்தால் அது கிளாக்கின் தவறு அல்ல, தரை இணைப்பு வளையம் (கருவிகளின் தரை இணைப்பு இரண்டு வழியாகச் சேர்வது). ஐந்து ஊசி மிடி உள்ளீட்டில் ஒளி வழியாகச் செய்தியைக் கடத்தி இரு பக்க மின்சாரத்தையும் பிரித்துவைத்திருக்கிறார்கள். யுஎஸ்பியில் அந்தப் பிரிவினை இல்லை. யுஎஸ்பியைக் கழற்றிவிட்டு மிடி கேபிளிலோ துடிப்பிலோ ஓடவிடுங்கள்.

15 பிப்ரவரி, இரவு 10.50

தம்பி, உங்கள் பதிவைக் கேட்டேன். ஹப்பைக் கழற்றி, துடிப்பு டிராக் போட்டு, இரண்டாவது பாரில் தொடங்கியிருக்கிறீர்கள். கிக் எல்லாவற்றையும் அளந்தேன்: 23,040, 23,041, 23,040, 23,039. இதற்கு மேல் யாரும் கேட்க முடியாது. அந்த விலை கூடிய கேபிளின் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

ஹைஹாட் மட்டும் இன்னும் பின்னால் இழுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் அளந்தேன். ஒற்றைப்படை அடிகள் கோட்டில் இருக்கின்றன. இரட்டைப்படை அடிகள் எல்லாம் 461 சாம்பிள் பின்னால், ஒன்று விடாமல். 461 என்பது 11,520இல் நான்கு சதவீதம். சீக்குவென்சரின் ஹைஹாட் டிராக்கில் ஸ்விங் 54இல் நிற்கிறது, 50க்குக் கொண்டுவாருங்கள். அதற்கு முன் ஒருமுறை அப்படியே விட்டு, மென்பொருளிலும் 54 போட்டுக் கேட்டுப் பாருங்கள். எனக்கு அது பிடித்திருந்தது.